பஞ்சாலையின் இரண்டாவது நியூகினிப் பயணம்

வீட்டை விற்றுவிட்டு நியூகினிக்கே போய்விடலாம் என்று வீரமுத்து சொன்னபோது பஞ்சாலை கெம்போங் மீனுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. மனுஷன் இப்படிப் பேசுவது புதிதா என்ன? ஆனால் மறுநாள் காலை வீட்டுத் தரகன் ஒருவன் காரில் வந்து இறங்கி, கூடத்தின் நீள அகலத்தை அளக்க ஆரம்பித்தபோதுதான் இது வெறும் பேச்சில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

கோலா சாவாவில் இருந்த அந்த வரிசை வீடு அவர்கள் சம்பாத்தியத்தில் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை தோறும் சிரம்பானிலிருந்து மகன் ஷங்கர், மருமகள் ரோகினியையும் பேத்தி ஜனனியையும் கூட்டிக்கொண்டு அங்கே வருவான். அந்த ஒரு நாளுக்காக மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள் பஞ்சாலை.

பெடாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் அவள். பதினைந்து வயதில் தாயோடு பால் வெட்டப் போனாள். பக்கத்துத் தோட்டத்து ஆலையில் ஃபிட்டராக இருந்த வீரமுத்துவுக்கு வாழ்க்கைப்பட்டாள். ஷங்கருக்கு இரண்டு வயது நடந்தபோது, பப்புவா நியூகினியில் செம்பனை எண்ணெய் ஆலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வீரமுத்து கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். எங்கே இருக்கிறது அந்த ஊர் என்று கேட்டாள். "சபாவுக்கு அங்குட்டு" என்றான். மூன்று விமானம் மாறி ஹோஸ்கின்ஸில் போய் இறங்கியபோதுதான் அந்த அங்குட்டு எவ்வளவு தூரம் என்று புரிந்தது.

கட்டை மேல் நின்ற தகர வீடு. மழைத் தண்ணீரைப் பிடித்துவைக்கும் பெரிய தொட்டி. நினைத்த நேரமெல்லாம் நிலம் அதிரும். அடுக்கிலிருந்த சட்டிகள் ஒன்றோடொன்று மோதும். பேச ஒரு தமிழ் ஆள் கிடையாது. சந்தையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு விற்ற ஆக்னஸ்தான் அவளுக்கு அந்த ஊர்ப் பாஷையைச் சொல்லிக் கொடுத்தாள். ஷங்கர் மலேரியாக் காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தபோது, அவனை முதுகில் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவளும் ஆக்னஸ்தான்.

பையனுக்கு ஏழு வயதானதும் பள்ளிக்கூடப் பிரச்சினை வந்தது. சிரம்பான் லோபாக்கில் இருந்த தன் அண்ணன் திருநாவுக்கரசு வீட்டில் அவனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு பஞ்சாலை தனியாக நியூகினிக்குத் திரும்பினாள். அதற்குப் பிறகு எட்டு வருடம். வருடத்துக்கு ஒரு தடவைதான் பிள்ளையைப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அவன் ஒரு சாண் வளர்ந்து, ஒரு சாண் தள்ளி நின்றான். 'அம்மா' என்று கூப்பிடவே கூச்சப்பட்ட வருடம் ஒன்று உண்டு.

வீரமுத்து சொல்லும் நியூகினிக் கதைகளில் இது வராது. கடல், மலை, கையால் பிடித்த மீன், மரியாதை தெரிந்த மனிதர்கள், இவைதான் வரும். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு ஞாபகம் இருந்தது அதுதான்.

தரகன் வந்துபோன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை ஷங்கர் கத்தினான். "அறுபத்தெட்டு வயசாவுதுப்பா உங்களுக்கு! அங்க போயி என்னா செய்யப் போறீங்க?"

"ஆக்னஸ் வீட்டுப் பக்கத்துல ஒரு துண்டு நெலத்தப் புடிச்சி, கோழி வளத்துக்கிட்டு நிம்மதியா இருப்பேன் லா. இங்க என்னா இருக்கு? வெயிலு, மோட்டார் சத்தம், அவ்வளவுதான்."

ஷங்கர் வாயைத் திறப்பதற்குள் பஞ்சாலை குறுக்கே வந்தாள். "வீட்ட விக்கிறது அப்பறம். மொதல்ல ரெண்டு பேரும் போயி ஒரு தடவ பாத்துட்டு வருவோம்."

அம்மாவும் சேர்ந்துகொண்டாளே என்று ஷங்கர் திகைத்தான். சமையல்கட்டுக்கு வந்து மெதுவாகக் கேட்டான். "ஏம்மா இப்படிச் சொன்னீங்க?"

"வேணாம் வேணாம்னு சொன்னா ஒங்கப்பா எந்தக் காலத்துல கேட்டிருக்காரு? கண்ணால பாத்தாத்தான் அடங்குவாரு."

வாய் அப்படிச் சொன்னதே தவிர, உள்ளுக்குள் பயம்தான். அங்கே காலை வைத்ததும் அவன் ஒரேயடியாக உட்கார்ந்துவிட்டால்? மறுபடியும் வருடத்துக்கு ஒரு தடவை. இந்த முறை ஜனனி தள்ளி நிற்பாள்.

ஹோஸ்கின்ஸ் விமான நிலையத்தில் புழுக்கம் முகத்தில் அடித்தது. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் தலை முழுக்க வெள்ளை முடியோடு ஒருத்தி இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தாள். கிட்டப் போனதும் பஞ்சாலையின் முகத்தைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "யு லாபுன் பினிஸ்!" என்றாள். நீ கிழவியாகிவிட்டாயே!

"யு து!" என்றாள் பஞ்சாலை. நீயும்தான்! இருபது வருடத்துக்கு மேல் நாக்கில் படாத பாஷை தானாக வந்தது. ஆக்னஸ் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். வீட்டுக்குப் போகிற வழியில், சந்தையில் ஐந்தாறு பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி, பஞ்சாலை தனக்குச் சட்டை தைக்கக் கற்றுக்கொடுத்ததைச் சொன்னாள். பஞ்சாலைக்கு அது நினைவில்கூட இல்லை. தனக்கு இந்த ஊர்மேல் இருந்தது வெறும் கோபம் மட்டுமில்லை என்பது அவளுக்கு அங்கே நின்றபோதுதான் தெரிந்தது. அது இன்னும் பயமாக இருந்தது. தனக்கும் இங்கே பிடித்துவிட்டால் அவனை யார் திருப்பிக் கூட்டிப்போவது?

மறுநாள் வீரமுத்து ஆலையைப் பார்க்கப் போனான். வாசலில், வெளியாட்களுக்கென்று வைத்திருந்த பச்சைச் சட்டை ஒன்றும் தொப்பி ஒன்றும் மாட்டிவிட்டார்கள். பழைய ஆலை இருந்த இடத்தில் இரண்டு மடங்கு பெரிதாகப் புதியது நின்றது. அந்த ஊர்ப் பையன் ஒருவன்தான் இஞ்சினியர். மரியாதையாகச் சுற்றிக் காட்டினான். கொதிகலன் மேடைக்கு ஏறும் இரும்புப் படியில் பாதி ஏறியதும் வீரமுத்துவுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. பையன் கையைக் கொடுத்து இறக்கிவிட்டான்.

"நல்லா வச்சிருக்கானுங்க" என்றான் திரும்பி வந்து. உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டான். அவர்கள் இருந்த தகர வீட்டையும் போய்ப் பார்த்தார்கள். வேறு குடும்பம் இருந்தது. வாசல் படியிலிருந்து மூன்று பிள்ளைகள் போட்டி போட்டுக் குதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி பஞ்சாலையைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு, மறுபடியும் ஏறிக் குதித்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம், ஆக்னஸ் வீட்டு அடுப்படியில் இரண்டு பெண்களும் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே மாமர நிழலில் ஆக்னஸின் கணவர் பீட்டரோடு வீரமுத்து பேசிக்கொண்டிருந்தான். காதில் விழுந்ததைக் கேட்டு பஞ்சாலையின் கை அப்படியே நின்றது.

"எங்க ஊரு மாதிரி வராது பீட்டர்" என்று அந்த ஊர்ப் பாஷையில் அளந்துகொண்டிருந்தான் வீரமுத்து. "வாசல்லருந்து பத்து நிமிஷத்துல பாசாருக்குப் போயிருவேன். ரொட்டி சானாய் சூடா கெடைக்கும். வெயிலு தாழ்ந்தா காத்து சும்மா ஜிலுஜிலுன்னு வரும். பேத்தி இருக்கா, ஜனனின்னு பேரு. ஞாயித்துக்கெழம வந்தா என் தோள விட்டு எறங்க மாட்டா."

எந்த ஊரில் வெயிலைத் தவிர ஒன்றுமில்லை என்றானோ, அதே ஊர்! அப்போதுதான் பஞ்சாலைக்கு உறைத்தது. நியூகினியில் இருந்த காலத்திலும் இப்படித்தான். அன்றைக்கு இதே பீட்டரிடம் பெடாஸ் சுடுதண்ணீர்க் குளத்தையும் சிரம்பான் கடைகளையும் சொர்க்கமாக்கிப் பேசியவன் இவன்தான். எந்த ஊரில் இருக்கிறானோ அதை விட்டுவிட்டு, தான் இல்லாத ஊரைத்தான் கொண்டாடுவான். அது அவன் சுபாவம். இதற்குப் போய் இத்தனை நாள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டோமே!

சிரிப்பு பொங்கி வந்தது. அடக்கப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்னவென்று ஆக்னஸ் கேட்டாள். பஞ்சாலை விளக்கிச் சொன்னதும், "என் வீட்டுக்காரரும் அப்படித்தான். தான் கல்யாணம் கட்டாத பெண்களைப் பற்றிப் பேசும்போது" என்றாள் ஆக்னஸ். இருவரும் கிழங்கைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் கடற்கரையில் வீரமுத்து தானே ஆரம்பித்தான்.

"பஞ்சால, ஷங்கருக்கு ஒரு போன் போட்டுரு."

"எதுக்குங்க?"

"அந்தத் தரகன் திரும்ப வந்தா வேணாம்னு சொல்லிறச் சொல்லு." பிறகு, அலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அந்த வேலிக்கிட்டதான ஆக்னஸு நின்னா, நீ ஷங்கர விட்டுட்டு ஒத்தையா வந்தப்ப? ஏர்போட்டுல எறங்கினதும் எனக்கு அதான் ஞாபகம் வந்திச்சி. நான் அன்னிக்கி வேலையில இருந்தேன். வரல."

அவனுக்கும் அது ஞாபகம் இருக்கிறது என்பதே பஞ்சாலைக்குப் போதுமாக இருந்தது. போனை எடுத்து ஷங்கர் நம்பரைத் தேடினாள்.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை ஜனனி தாத்தாவின் தோளில் ஏறிக்கொண்டாள். சோறு பரிமாறி முடிவதற்குள் வீரமுத்து ஆரம்பித்துவிட்டான். "அந்தக் கடலு இருக்கே, அந்த மாதிரி கடல நீ எங்கயும் பாக்க முடியாது!" ஷங்கர் கலவரத்தோடு அம்மாவைப் பார்த்தான். பஞ்சாலை அவன் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள்.

"பேசட்டும் விடுப்பா" என்றாள். "நீ சாப்புடு."