எந்தப் பதில் வேணும் சார்?

அந்தக் கல்லூரியில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. மாணவிகளிலிருந்து வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவள் 'ஃபைலக்கா'தான். கணக்கியல் நடத்தும் விரிவுரையாளர். கல்லூரியின் தர உறுதிக் குழுவை ஒருங்கிணைக்கும் பொறுப்பு தலையில் விழுந்ததிலிருந்து, மார்போடு அணைத்த ஃபைல் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. மரம் நட்டாலும் சரி, கருத்தரங்கு நடந்தாலும் சரி, "போட்டோ எடுத்தாச்சா? வந்தவங்க கையெழுத்து வாங்கியாச்சா?" என்று கேட்டுக்கொண்டு வந்து நிற்பாள். ஆதாரம் இல்லாத வேலையை, கல்லூரிகளைப் பார்வையிட்டுத் தர எழுத்து கொடுக்கும் மதிப்பீட்டுக் குழு வேலையாகவே எடுத்துக்கொள்ளாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

வீட்டிலும் அதே பேச்சுதான். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால், அவள் கணவர் காலித் தட்டைத் தூக்கிக் காட்டி, "ஆதாரம் இருக்கும்மா, போட்டோ எடுத்துக்கோ" என்பார். அவர் தையல்காரர். கடைத்தெரு மாடியில் சின்னதாக ஒரு கடை. தைக்கக் கொடுத்தவர்கள் வாங்கிப் போக மறந்த கோட்டுகள் அங்கே சுவர் முழுக்கத் தொங்கும்.

ஒரு காலத்தில் அவளும் இதே கல்லூரியின் மாலை வகுப்பு மாணவிதான். பள்ளியோடு நின்ற படிப்பைக் கல்யாணத்துக்குப் பிறகு, கைக்குழந்தையோடு மறுபடி தொடங்கினாள். வகுப்பு முடியும்வரை கணவர் வாசல் பெஞ்சில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் கழுத்தில் தொங்கும் அளவு நாடாவைக் குழந்தை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருக்கும். மாடி ஜன்னல் வழியே அந்தக் காட்சியைப் பார்த்துப் பார்த்தே அவள் பட்டம் வாங்கினாள். அந்த மாலைப் பிரிவுக்குத்தான் இப்போது அவள் பொறுப்பாளர். மதிப்பீட்டுக் குழு வரவிருந்த நேரத்தில் அதற்குத்தான் ஆபத்து வந்தது.

"கமிட்டி மாலைப் பிரிவைப் பத்தி நல்லதா ஒரு வரி எழுதணும். இல்லேன்னா வர்ற வருஷம் மூடிடலாம். ஆளும் கம்மி, செலவும் ஜாஸ்தி" என்று நிர்வாகச் செயலாளர் சொல்லிவிட்டார். குழுவின் பயணத் திட்டத்திலோ மாலைப் பிரிவே இல்லை. மாலை நேரத்துக்குக் கலைநிகழ்ச்சி போட்டிருந்தார்கள்.

அவள் முதல்வர் அறைக்கு ஓடினாள்.

"சார், அரை மணி நேரம் போதும். எங்க வகுப்புக்கும் அவங்களைக் கூட்டிட்டு வாங்க."

முதல்வர் நெற்றியைத் தேய்த்தார். "அவங்க வேலை முடிஞ்சு அசந்து போய் வர்றவங்கம்மா. கமிட்டி முன்னாடி எதையாவது உளறி வெச்சா? ஒத்திகை பாருங்க. தேறினா சேர்க்கலாம்."

ஒத்திகை தொடங்கியது. குழுத் தலைவராக நடித்தவர் சாட்சாத் அவள் கணவரேதான்! கடையில் தொங்கிய கோட்டுகளில் ஒன்றை மாட்டிக்கொண்டு, வேறு இரண்டை அகப்பட்ட ஆசிரியர்களுக்கு மாட்டிவிட்டு, தொண்டையைக் கனைத்தபடி வகுப்புக்குள் நுழைவார். "இக்கல்லூரியில் தங்களுக்குப் பிடித்தது யாது?" என்று குரலைத் தடிப்பாக்கிக் கேட்பார். வகுப்பு கொல்லென்று சிரிக்கும். ஒவ்வொரு ஒத்திகைக்கும் உறுப்பினர்கள் மாறினார்கள். கோட்டு மட்டும் யாருக்கும் பொருந்தவில்லை.

முதல்வர் ஒருநாள் வந்து எட்டிப் பார்த்தார். அன்று பார்த்து பேக்கரியில் வேலை செய்யும் பெண், மனப்பாடம் செய்த பதிலின் பாதியில் வெடித்துச் சிரித்துவிட்டாள். முதல்வர் தலையை ஆட்டிக்கொண்டே படியிறங்கினார். திட்டத்தில் மாலைப் பிரிவு ஏறவேயில்லை.

அதை மாணவிகளிடம் சொல்ல ஃபைலக்காவுக்கு வாய் வரவில்லை. "தயாரா இருங்கடி, கூப்பிடுவாங்க" என்று மட்டும் சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

நிஜக் குழு வந்த முதல் நாள் மாலை. கலைநிகழ்ச்சிக்கு மைக் கட்டுகிறேன் என்று முதல்வர் உட்பட எல்லோரும் அரங்கத்தில் அல்லாடிக்கொண்டிருந்தார்கள். ஃபைலக்கா கீழே மறுநாளுக்கான ஃபைல்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். காற்றாட நடந்துகொண்டிருந்த குழுத் தலைவர் மாடியில் வெளிச்சத்தைப் பார்த்தார். "அங்க என்ன நடக்குது? வாங்க, பார்ப்போம்" என்று உறுப்பினர்கள் இருவரோடு படியேறினார்.

அண்மையில் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் அவர். இளைத்த தோளில் கோட்டு தொளதொளவென்று தொங்கியது. முன்னால் முதல்வர் இல்லை, பின்னால் பரிவாரம் இல்லை. மாணவிகள் வேறு என்ன நினைப்பார்கள்?

"வாங்க, வாங்க!" என்றாள் பேக்கரிக்காரி. "இன்னிக்குப் புது ஆளா? தையல்கார அண்ணன் வரலியா?"

"எந்த அண்ணன்?" தலைவர் விழித்தார்.

"எங்க தலைவர்தான். ஆனாலும் அவருக்கு இவ்வளவு அவசரம் ஆகாது. பாருங்கடி, அளவுகூடப் பாக்காம கோட்டை மாட்டி அனுப்பிட்டாரு!"

வகுப்பே சிரித்தது. தலைவர் குனிந்து தன் கோட்டைப் பார்த்துக்கொண்டார். பிறகு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"இந்தக் காலேஜ்ல உங்களுக்குப் பிடிச்சது என்னம்மா?"

"எந்தப் பதில் வேணும் சார்? மனப்பாடம் பண்ணினதா, மனசுல இருக்கறதா?"

உறுப்பினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தலைவரின் உதட்டோரம் துடித்தது. "ரெண்டும் சொல்லுங்க. மனப்பாடம் முதல்ல."

அவள் எழுந்து கையைக் கட்டிக்கொண்டாள். "எங்கள் கல்லூரி, மாணவர் மையக் கற்றலின் வாயிலாக எங்களது ஒட்டுமொத்த ஆளுமையை..." அவ்வளவுதான், சிரிப்பு பீறிட்டது. "இதுக்கு மேல வராது சார். இந்த 'ஒட்டுமொத்த' வந்தாலே என்னால முடியல."

"சரி, மனசுல இருக்கறது?"

"இங்க பாதி லைட்டு எரியாது. நாங்க வர்றதுக்குள்ள லைப்ரரியப் பூட்டிடறாங்க. பாடம் முடியறதுக்கு முன்னாடியே பஸ்ஸுக்கு ஓடணும்."

"அப்புறம் ஏன்மா வர்றீங்க?"

அதற்குப் பதில் மூலையிலிருந்து வந்தது. ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டும் பெண். வகுப்பில் வாயே திறக்காதவள்.

"பகல் பூரா என்னை எல்லாரும் 'ஏய், இங்க வா'ன்னுதான் கூப்பிடறாங்க சார். இங்க ஃபைலக்கா மட்டுந்தான், 'நீங்க என்ன நினைக்கிறீங்க'ன்னு கேக்கறாங்க. அந்தக் கேள்விக்காக வர்றேன்."

ஓர் உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சிரிப்புச் சத்தம் கேட்டு மேலே வந்த ஃபைலக்கா, வாசலில் அப்படியே கல்லாய் நின்றாள். கையிலிருந்த ஃபைல்கள் சரிந்து விழுந்தன.

"ஐயோ... இவங்க நிஜம்டி!"

பேக்கரிக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். "அக்கா! நான் கோட்டைப் பத்தி வேற பேசிட்டேனே!"

தலைவர் குனிந்து ஒவ்வொரு ஃபைலாக எடுத்து அவள் கையில் கொடுத்தார். பிறகு உறுப்பினர்களோடு படியிறங்கினார்.

வீட்டுக்கு வந்து அவள் அழுத அழுகையை என்னவென்று சொல்வது! "எல்லாம் போச்சுங்க. நான் படிச்ச வகுப்பை நானே மூட வெச்சுட்டேன்."

கணவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "ஏம்மா, நிஜத் தலைவர் கோட்டு அவ்வளவு லூசா?"

"உங்க கவலை உங்களுக்கு!" என்று அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

மறுநாள் நிறைவுக் கூட்டம். தலைவர் அறிக்கையின் சாரத்தை வாசித்தார். 'குறைகள்' என்ற தலைப்பில் மாலை நேரத்தில் பூட்டிய நூலகமும் எரியாத விளக்குகளும் வந்தன. முதல்வர் வியர்வையைத் துடைத்தார். ஃபைலக்கா கண்களை இறுக மூடிக்கொண்டாள். தலைவர் பக்கத்தைத் திருப்பினார்.

"இந்தக் கல்லூரியின் மிகச் சிறந்த நடைமுறை என்று இந்தக் குழு கருதுவது, உழைக்கும் பெண்களுக்கான மாலைப் பிரிவை. இதை மேலும் வளர்க்குமாறு நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறோம்."

செயலாளர்தான் முதலில் கைதட்டினார்! அவருக்கு வேறு வழியில்லை. அடக்கி வைத்த கண்ணீரெல்லாம் ஃபைலக்காவின் மடியிலிருந்த ஃபைல் அட்டையில் சொட்டுச் சொட்டாய் விழுந்தது.

கல்லூரியின் தரம் ஏறவில்லை. பழைய தர எழுத்தே பின்னர் தபாலில் வந்தது. முதல்வருக்குக் கொஞ்ச நாள் முகம் தொங்கியது. ஆனால் மாடியில் எல்லா விளக்கும் எரிகிறது. நூலகம் மாலையிலும் திறந்திருக்கிறது. பேக்கரிக்காரி அங்கே உட்கார்ந்தும் சிரிப்பதாகப் புகார்.

ஒன்றைச் சொல்ல மறந்தேனே. அன்று கூட்டம் முடிந்து குழு வெளியே வந்தபோது, அதே வாசல் பெஞ்சில், கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரர் உட்கார்ந்திருந்தார். குழுத் தலைவர் நேராக அவரிடம் போனார்.

"நீங்கதானே எனக்கு முன்னாடி தலைவர்?"

தையல்காரர் கூச்சத்தில் நெளிந்தார். ஆனால் கை சும்மா இருக்குமா? நாடா தானாக அந்தத் தொளதொளத்த தோளுக்குப் போனது. "உங்க வண்டி கிளம்பறதுக்குள்ள பிடிச்சுக் கொடுத்துடறேன் சார். கழட்டுங்க."

"இருங்க, இருங்க!" என்று ஓடிவந்து போனை நீட்டிப் படம் எடுத்தாள் ஃபைலக்கா.

"இது எந்த ஃபைலுக்கும்மா?" என்றார் கணவர்.

"எந்த ஃபைலுக்கும் இல்லீங்க," என்றாள் அவள். "சும்மாதான்."