எத்தனை முறையும் ஏறலாம்

என் மாமாவுக்குச் சொந்தமாக ஒரு ராட்டினம் இருப்பதாகப் பள்ளியில் சொல்லி வைத்திருந்தேன். அதை அவர் விற்றுவிட்டதைச் சொல்லவில்லை. அதனால் என் மதிப்பு இன்னும் ஒரு வருடம் நீடித்தது.

மாமா என்றால் அப்பாவின் தங்கை வீட்டுக்காரர். வில்லியனூருக்குப் பக்கத்தில், மாதா கோயிலைச் சுற்றி வீடுகள் அமைந்த ஊர் எங்களுடையது. அத்தையும் மாமாவும் அடுத்த தெருவில் இருந்தார்கள். அவருடையது தொட்டி ராட்டினம்: நான்கு மரத்தொட்டிகள், நடுவில் ஓர் அச்சு, இரு பக்கமும் முட்டுக்கால். மோட்டார் கிடையாது, மாமாவின் கைகள்தான். பிற்காலத்தில் பாலிடெக்னிக்கில் இயந்திரங்களைப் பற்றிப் படித்தபோது, அதைவிட எளிய இயந்திரத்தை நான் பார்க்கவில்லை. அவ்வளவு சோறு கேட்கும் மோட்டாரையும் பார்க்கவில்லை.

மாசி பிறந்தால் ஆடி முடிய எங்கள் பக்கத்தில் ஏதாவது ஓர் ஊரில் திருவிழா இருக்கும். மாமாவைப் போல ஆளுக்கொரு ராட்டினம் வைத்திருந்தவர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். அந்த வருடம் புதுச்சேரியில் இருந்த ஒரு முதலாளி இந்தச் சின்ன ராட்டினங்களையெல்லாம் ஒவ்வொன்றாக வாங்கினார். மாமாவின் ராட்டினத்துக்கு அச்சு முறிந்து கிடந்த நேரம் அது. புது அச்சுக்கு வழியில்லாததால் மாமாவும் கொடுத்துவிட்டார். வாங்கியவுடன் முதலாளி செய்த முதல் காரியம், எல்லாவற்றுக்கும் மஞ்சள் பெயிண்ட் அடித்தது. மாமாவின் தொட்டிகளில் இருந்த மயில்கள் மஞ்சளுக்கு அடியில் போயின. புது அச்சு அதற்குப் பிறகுதான் வந்தது.

மாமாவே தொடர்ந்து சுற்றலாம், டிக்கெட் காசில் பாதி அவருக்கு. ஆனால் ஆடி முடிவில் எந்த ராட்டினத்தில் டிக்கெட் வசூல் ஆகக் குறைவோ, அதைப் பிரித்து விறகுக்குப் போட்டுவிடுவார்கள், சுற்றியவரும் வேறு வேலை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் என் காதுபடவே நடந்தது. அத்தை அழுதாள். ராட்டினங்களிலேயே பழையது மாமாவுடையதுதான்.

அதன் பிறகுதான் பாஸ் வந்தது. மஞ்சள் அட்டை, முதலாளியின் முத்திரை, கழுத்தில் மாட்டிக்கொள்ள நூல். ஒரு தடவை காசு கட்டினால் ஆடி வரைக்கும் எல்லா ஊரிலும் ஏறலாம். எங்கள் கோயில் வாசலில் ஆள் வைத்து விற்றார்கள். மாதா படம் போட்ட உத்தரியம் மாட்டிய கழுத்துகளில் எல்லாம் பாஸும் தொங்கியது. அப்பா எனக்கொன்றும் தம்பிக்கொன்றும் வாங்கினார்.

“மாப்ள ராட்டினத்துக்கே பாஸ் வாங்கறீங்களே, அவரு கேக்க மாட்டாரா?” என்றாள் அம்மா.

“மாப்ளக்கி நல்லதுதாண்டி. கூட்டம் சேரும்” என்றார் அப்பா.

கூட்டம் சேர்ந்தது. எங்கள் கோயில் திருவிழாவில் பாஸ்காரப் பிள்ளைகள் ஏறினோம், இறங்கவில்லை. இறங்கினாலும் வரிசையின் கடைசிக்கு ஓடி மறுபடி ஏறினோம். காசைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற பிள்ளைகள் சலித்துப்போய் பலூன் வாங்கப் போனார்கள். மாமா பகல் முழுக்கச் சுற்றினார். பாஸ் காசு எப்போதோ முதலாளியின் பெட்டிக்குப் போய்விட்டது, மாமாவின் டிக்கெட் டப்பாவுக்கு எதுவும் வரவில்லை. ஏறாத பாஸ் முதலாளிக்கு லாபம், ஏறுகிற பாஸ் மாமாவுக்கு நஷ்டம். இந்தக் கணக்கு இன்று எனக்கு ஒரு வரியில் வருகிறது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் மாமா உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தார் என்பதுதான்.

அப்பா பஞ்சாலையில் கணக்கு எழுதுபவர். வாங்கிய பொருளை முழுதாகப் பயன்படுத்தாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. திருவிழா எங்கே நடந்தாலும் எங்களை பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனார். பஸ்ஸுக்குக் கொடுத்ததில் இன்னும் சில பாஸ் வாங்கியிருக்கலாம். அம்மன் கோயில் தீமிதிக்கு நாம் எதற்கு என்று அம்மா தயங்கியபோது, “சாமி கும்புடவா போறோம்? ராட்டினத்துக்குதானே போறோம்” என்று சமாதானம் சொன்னார். அங்கே போனதும் ராட்டினத்தின் பக்கத்தில் கை கட்டி நின்றுகொண்டு, “எறங்காதடி, இன்னொரு வாட்டி!” என்பார்.

மதகடிப்பட்டுத் திருவிழாவில் ஒரு மாறுதல் இருந்தது. அத்தை ஒரு பெரிய குண்டானில் வெல்லமும் எலுமிச்சையும் கரைத்துப் பானகம் வைத்திருந்தாள்.

“பாஸ் இருக்கறவங்க எல்லாம் இங்க வாங்கடா! உங்களுக்கு மட்டும் இனாம்!”

ஆளுக்கு ஒரு பெரிய லோட்டா. குடித்து முடித்ததும் மாமா எங்களை முதலில் ஏற்றி, இதுவரை சுற்றாத வேகத்தில் சுற்றினார். வயிற்றுக்குள் பானகம் தனியாக ஒரு ராட்டினம் சுற்றியது. இறங்கிய பாஸ்காரர்கள் புளியமரத்தடியில் வரிசையாகப் படுத்துக்கொண்டார்கள். அடுத்து ஏறிய டிக்கெட்காரர்களை மாமா தொட்டில் ஆட்டுவதுபோல மெதுவாகச் சுற்றினார். மாமாவுக்கு எங்கள் மேல்தான் பிரியம் அதிகம் என்று நான் தம்பியிடம் சொன்னேன். தம்பி திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். “பார்த்தியா, பாஸுக்குப் பானகம் வேற!” என்றவர், அடுத்து வந்த பாகூர் தீமிதியில் எனக்கு இரண்டு லோட்டா வாங்கிக் கொடுத்தார். நான் ஏறினேன். இரண்டாவது சுற்றில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. அத்தை என் முகத்தைக் கழுவி மரத்தடியில் கிடத்தினாள். மற்ற பாஸ்காரர்களும் அங்கேதான் கிடந்தார்கள்.

அப்பா சுற்றிப் பார்த்தார். பொழுது இன்னும் சாயவில்லை. என் கழுத்தில் பாஸ் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

“மாப்ள, நான் ஏர்றேன்.”

“நீங்களா மச்சான்?”

“ஏன், பாஸு பாஸுதானே?”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் குந்தினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் வாந்தி எடுத்ததைப் பார்த்த பிறகு வேறு யாரும் ஏறவில்லை, மற்ற மூன்று தொட்டிகளும் காலி. ஒரு பக்கம் மட்டும் பாரம் ஏறினால் ராட்டினம் சுற்றாது, பாரம் கீழேயே வந்து நிற்கும். மாமா தம் கட்டித் தள்ளித் தள்ளி, எப்படியோ அப்பாவை உச்சிக்குக் கொண்டுபோனார். அங்கே நின்றுவிட்டது.

“இன்னா மாப்ள, நின்னுடுச்சி?”

“நிக்கல மச்சான். நான் புடிச்சினு இருக்கேன்.” கீழே வந்த காலித் தொட்டியின் மேல் மாமா நெஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. “வுட்டா நீங்க தடால்னு வந்துடுவீங்க.”

“அப்ப சுத்து!”

“எதிர்ல ஆளு வேணும். டிக்கெட் எடுத்து யாராச்சும் வந்தா சுத்தலாம்.”

அத்தை லோட்டாவைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

“அண்ணா, நல்லா குந்தினு பாரு. மேலேர்ந்து எல்லாம் தெரியுமே. எங்க டப்பா தெரியுதா?”

“தெரியுது.”

“உள்ள இன்னா இருக்குது?”

அப்பா எட்டிப் பார்த்தார்.

“நீ எத்தினி வாட்டி வேணாலும் ஏறலாம், பாஸ்ல போட்டிருக்குது. அவரு எத்தினி வாட்டி சுத்தலாம்னு எங்கயாச்சும் போட்டிருக்குதா, படிச்சுச் சொல்லு.”

கூட்டம் ஓவென்று சிரித்தது. அப்பா மட்டும் கழுத்தில் கிடந்த அட்டையைக் கையில் எடுத்து, உண்மையாகவே படித்துப் பார்ப்பவரைப்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “எறக்கு மாப்ள” என்றார். மறுநாள் எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய் ஏதோ பேசிவிட்டு வந்தார்.

அடுத்தது திருக்கனூர்த் திருவிழா. எங்கள் தெருவில் பாதிப் பேர் ஒரே பஸ்ஸில் போனோம். ராட்டினத்தின் முன்னால் போய் நின்றதும் அப்பா சட்டைப் பையைத் தடவினார். இடுப்பைத் தடவினார். “அடடா, பாஸ வூட்லயே வெச்சிட்டு வந்துட்டனே!” என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் தன் பையைத் தடவினார். “நானும்தாங்க!” என்றார். எதிர் வீட்டுக்காரர், அவருக்கு அடுத்தவர் என்று எல்லாருக்கும் ஒரே சமயத்தில் மறந்திருந்தது. ஒரு தெருவில் இத்தனை ஞாபகமறதியா என்று எனக்கு வெட்கமாக இருந்தது. எல்லாரும் காசை எடுத்தார்கள்.

நான் அப்படிப்பட்டவள் அல்ல. வெளியூர் கிளம்பும்போது துண்டு, தண்ணீர், தம்பி, பாஸ் என்று சொல்லிச் சரிபார்ப்பது என் வழக்கம். அன்று காலை பாஸ் இரண்டையும் யாரோ திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்கள். தேடி எடுத்து, பாவாடைக்குள் ஊக்கு குத்தி பத்திரமாகக் கொண்டுவந்திருந்தேன்.

“அப்பா, காசு குடுக்காத! எங்கிட்ட இருக்குது!”

தூக்கிக் காட்டினேன். ஒருவரும் பாராட்டவில்லை. மாமா அச்சைப் பார்த்தார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அது செல்லாதும்மா” என்றார் அப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு.

“செல்லும்ப்பா! சீல் இருக்குது!” வகுப்பில் பாடம் வாசிக்கும் குரலில் நான் வாசித்தேன்: “எல்லா ஊரிலும், எல்லா நாளும், எத்தனை முறையும்...”

உச்சந்தலையில் ஒரு குட்டு விழுந்தது. அப்பா நான்கு டிக்கெட் வாங்கினார். தனக்கும் அம்மாவுக்கும் சேர்த்து. மாமா கண்ணீரோடு என்னைத் தூக்கித் தொட்டியில் உட்காரவைத்தார். கண்ணீர் எனக்கு வந்தது என்று நினைக்கிறேன், அவருக்கும் இருந்ததா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஆடி முடிவில் விறகாகப் போனது வேறொருவருடைய ராட்டினம். மாமாவுடையது தப்பித்தது. திருக்கனூரிலிருந்து பாஸைக் காட்டி யாருமே ஏறவில்லை, ஆனாலும் டிக்கெட் வசூல் கூடியிருக்கிறது என்று கேள்விப்பட்ட முதலாளி, இதெல்லாம் தன் யோசனையின் வெற்றி என்று முடிவு செய்து, அடுத்த வருடத்துக்கு இன்னும் நிறைய பாஸ் அடிக்கச் சொன்னாராம்.

திருக்கனூரில் அதெல்லாம் எனக்குத் தெரியாது. எதிர்த் தொட்டியில் அப்பாவும் அம்மாவும் சிரித்துக்கொண்டு கீழே போனார்கள், நாங்கள் மேலே வந்தோம். கீழே டப்பாவுக்குள் காசு விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. செல்லுகிற பாஸைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இந்த அநியாயத்தை முதலாளியிடம் யார் போய்ச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.