நிழல் ஆகாத வியாபாரம்

"அந்தப் புள்ளைக்கு வாயே கிடையாது மச்சான். ஆனா வெயில்ல நிக்கும்."

என்னை ஏன் வேலைக்கு எடுத்தார்கள் என்பது எனக்கு இப்படித்தான் தெரிய வந்தது. நான் கடையின் பின்பக்கம் அட்டைப்பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். முன்பக்கம் முதலாளி போனில் பேசிக்கொண்டிருந்தார். சவூதியில் இருந்துவிட்டு வந்து காரைக்காலில் சோலார் கடை வைத்தவர். அவரை எல்லாரும் நானா என்போம். எங்கள் ஊர் முஸ்லிம் வீடுகளில் அண்ணனுக்கு அதுதான் பெயர். அவர் மேலும் சொன்னார்: "நோன்பு வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள பட்டினத்துக் கரையில மீன்பிடி போட்டுக்காரர் ஒருத்தரையாவது வாங்க வச்சுட்டா வேலையில இருக்கட்டும். இல்லாட்டி உன் மவனை அனுப்பு. அவனுக்குத்தான் வாய் காது வரைக்கும் இருக்கே."

வெயிலை விற்கிற தொழிலில் நிழலில் உட்கார இடமில்லை. நான் விற்பது மடக்குப் பேனல். மடித்தால் பள்ளிக்கூடப் பை அளவு இருக்கும். விரித்தால் கருநீலத்தில் நாலு பலகை. கரண்ட் கம்பி போகாத இடத்தில் வெயிலைப் பார்க்க வைத்து, போனையோ பவர் பேங்கையோ செருகினால் சார்ஜ் ஏறும். ஒரே ஒரு கெட்ட குணம், அதற்கு நிழல் ஆகாது. நாலில் ஒரு பலகையில் யார் நிழலாவது விழுந்தால் போதும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும், சார்ஜ் நின்றுவிடும்.

இந்த வேலை போனால், டேபிள் ஃபேன் முன்னால் உட்கார்ந்து வங்கித் தேர்வுக்குப் படிக்கிற மூன்றாவது வருஷம் எனக்குத் தொடங்கிவிடும். வாயைத் திறக்கக் கூச்சப்பட்டுக்கொண்டே வாயால் பிழைக்க வந்து மாட்டிக்கொண்ட என் இனத்தாரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விரிப்பு

முதல் நாள் காரைக்கால் கடற்கரைக்குப் போனேன். மணலில் பேனலை விரித்துவிட்டு, விளம்பர அட்டையை எடுக்க ஸ்கூட்டிக்குப் போய்த் திரும்பினால், அதன்மேல் ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. கணவன், மனைவி, நடுவில் பஜ்ஜிப் பொட்டலம். எழுந்திருங்கள் என்று சொல்ல வேண்டியது என் கடமை. நானோ பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, அவர்கள் தின்று முடிக்கும் வரை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தனியாக உட்கார்ந்திருக்கிறாளே என்று இரக்கப்பட்டு அந்த அம்மா எனக்கும் ஒரு மிளகாய் பஜ்ஜி கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது நான் பேனலைத் தட்டி மடிப்பதைப் பார்த்துவிட்டு, அவர் ரகசியம் போலக் கேட்டார்: "விரிப்பு வழவழன்னு நல்லாத்தான் இருக்கு. ஆனா சுடுது. இதுலயே பருத்தியில வருதா?"

அப்பனும் மகனும்

திருநள்ளாற்றில் சனிக்கிழமைக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு மதியத்துக்குள் போன் செத்துவிடும். அங்கே இலவசமாகச் சார்ஜ் போட்டுக் கொடுத்தால் விளம்பரமாகும் என்பது நானாவின் யோசனை. ஒரு டீக்கடை ஓரமாகப் பேனலை விரித்தேன். ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அதன்மேல் ஒரு சங்குப்பூ மாலையும் எள் பொட்டலமும் இருந்தன. அந்தத் தெருவில் கருநீலமாக எதை விரித்து வைத்தாலும் இதுதான் நடக்கும் போலிருக்கிறது. ஒரு பெரியவர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் நிழல் மூன்று பலகைகளை மூடியிருந்தது. கும்பிடுகிறவரை எப்படி நகரச் சொல்வது? சும்மா நிற்க ஒரு மாதிரியாக இருந்ததால் நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். அதைப் பார்த்துப் பின்னால் ஒரு வரிசை சேர்ந்தது.

டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "சனீஸ்வரனுக்கு அப்பா சூரியன், அம்மா நிழல். அப்பனுக்கும் மவனுக்கும் பேச்சு கிடையாது. மவன் வீட்டு வாசல்ல வந்து அப்பன் சரக்கை விரிச்சா அம்மா சும்மா இருப்பாங்களா?"

நிலா வெளிச்சம்

அடுத்து, நானா சொன்ன திருமலைராயன்பட்டினத்துக் கரை. போட்டுகள் கரையேறி, வலையிலிருந்து மீனைப் பிரித்துக்கொண்டிருந்த காலை நேரம். செல்வமணி அண்ணன் சொந்த போட்டு வைத்திருப்பவர். அவர் ஒன்று வாங்கினால் கரையே வாங்கும் என்று கடையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சூரியன் கடல் பக்கம் இருந்ததால் பேனலைக் கடலைப் பார்க்க விரித்தேன். போன் 'டிங்' என்றது. அந்தச் சத்தத்துக்கு எல்லாரும் ஓடிவந்து, கடலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தார்கள். சார்ஜ் நின்றது. சலித்துப்போய் விலகினார்கள். 'டிங்.' மறுபடி குனிந்தார்கள். மறுபடி நின்றது. "நிழல்…" என்றேன். அலைச் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை. விற்பனைக்காரர்கள் எல்லாரும் கூட்டம் சேராதா என்று ஏங்குகிறார்கள். கூட்டம் சேர்ந்தால் படுத்துக்கொள்கிற சரக்கு எனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறது.

செல்வமணி அண்ணன் கோபப்படவில்லை. அன்பாகவே வழியனுப்பினார்: "கரையிலயே படுத்துக்கிற சாமான் கடல்ல என்னத்தச் செய்யும்? அதோட நாங்க தொழிலுக்குப் போறது ராத்திரி தங்கச்சி. நிலா வெளிச்சத்துல ஏறுற மாதிரி ஒண்ணு வந்தா சொல்லி அனுப்பு."

ஒத்திகை

நடந்ததைக் கேட்ட நானா எனக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க முடிவு செய்தார். அவர் சொல்லிக் கொடுத்தது கடைக்குள், மின்விசிறிக்கு நேர் கீழே. சோலார் விற்றாலும் அவர் வெயிலில் இறங்க மாட்டார். எதிர்க்கடைக்குப் போவதற்குக்கூடக் கறுப்புக் குடை. கேட்டால், "என் பங்கு வெயிலை எல்லாம் சவூதியிலயே குடிச்சு முடிச்சுட்டேன்" என்பார். எனக்கு ஒரே ஒரு வாக்கியம் கொடுத்தார்: நிழல் படக் கூடாது, தள்ளி நில்லுங்க. "அடிவயித்துலேர்ந்து வரணும் புள்ள" என்றார். நான் அதைப் பீரோவிடம் சொன்னேன். நாள்காட்டியிடம் சொன்னேன். வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளிடம் சொன்னபோது ஒருவழியாகக் குரல் வந்தது.

மாடியில் குடியிருக்கும் அவர் மனைவி சன்னலைத் திறந்து கீழே குரல் கொடுத்தார்: "கடைக்கு வர்றதே நாலு பேரு. அவங்களையும் யாருங்க அது விரட்டி விடுறது?"

வரப்பு

பயிற்சி பெற்ற குரலோடு நெடுங்காட்டுக்குப் போனேன். நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் டீ குடிக்கக் கரையேறியிருந்தார்கள். பாட்டுப் போடுகிற போன் செத்துவிட்டதால் என்னைக் கண்டதும் அவர்களே கூப்பிட்டார்கள். வரப்பில் பேனலை விரித்துப் போனைச் செருகினேன். சுற்றி வந்து குனிந்தார்கள். சார்ஜ் நின்றது. நான் மூச்சை இழுத்து, அடிவயிற்றிலிருந்து, கணீரென்று சொன்னேன்: "நிழல் படக் கூடாது, தள்ளி நில்லுங்க!"

தூக்குவாளியிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் என் காதிலும் விழுந்தது. கால் முட்டுவரை சேறோடு நிற்கிறவர்களைப் பார்த்து, செருப்புப் போட்டுக்கொண்டு வரப்பில் நிற்கிற ஒருத்தி சொல்லக்கூடியதா அது? அந்த வயல்வெளி அதை முன்னாலும் கேட்டிருக்கிறது. சொன்னவர்கள் கையில் அப்போது பேனல் இல்லை, அவ்வளவுதான். கூட்டத்துக்கு முன்னால் நின்ற அஞ்சலை அக்கா, "எங்க நிழலாம்மா?" என்று கேட்டார். குரல் மிகவும் மரியாதையாக இருந்தது. எனக்கு அதுதான் பயம். ஒளி, மின்னோட்டம், தடை என்று கல்லூரியில் படித்ததை எல்லாம் உளறினேன். கடைசியில், "என் நிழல் பட்டாலும் நிக்கும்க்கா" என்று என் கையை நீட்டிக் காட்டினேன். நான் விலகச் சொல்லாமலே அவர்கள் விலகி நின்று பார்த்தார்கள். என் கை நிழலுக்குச் சார்ஜ் நின்றது. எடுத்தேன், ஏறியது. அக்கா தன் கையை நீட்டினார். நின்றது. எடுத்தார், ஏறியது. பிறகு என் கையைத் தானே பிடித்து நீட்டி, இன்னொரு தடவை சரிபார்த்தார்.

திருப்தியானதும் பேனலுக்குப் பின்பக்கம் சுற்றி வந்து, சேற்றுப் புடவை என் சுடிதாரில் ஒட்ட, என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் நிழல் எங்கள் முதுகுக்குப் பின்னால் வயலில் விழுந்தது. போனில் பாட்டு வந்தது. அக்கா சொன்னார்: "சாமான் பரவால்ல, ஆளு பாத்து நிக்கல. ஆனா வராத வாயத் தொறந்தா இப்படியாடி தொறப்ப?"

உத்தரவாதம்

அன்றோடு 'தள்ளி நில்லுங்க' போயிற்று. பேனலுக்குப் பின்னால் நான் முதலில் உட்கார்ந்துகொள்வேன். "இந்தப் பக்கம் வாங்க" என்பேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லிப் பழகிய சொல்தானே, தொண்டையில் சிக்கவில்லை. வருகிறவர்கள் நிழலும் அவர்களோடு பின்பக்கம் வந்துவிடும். ஒரே தொல்லை, உட்கார்ந்தவர்கள் எழுந்திருப்பதில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா தன் வீட்டு மொட்டைமாடியில் என் பக்கத்தில் உட்கார்ந்து பிரான்ஸ் நாட்டுக் குளிரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். காலியாக இருந்த பவர் பேங்க் நிறைந்துவிட்டது. குளிர்காலம் முடியவில்லை.

நடுவில் கிடைத்த ஓர் இடைவெளியில், பேனலுக்கு உத்தரவாத அட்டை உண்டு என்று சொல்லி நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு வாங்கிப் பார்த்தார். "கடைக்காரர் கையெழுத்துப் போட்டிருக்காரு, சரி. சூரியனுக்கு யாரும்மா கையெழுத்துப் போடுறது?"

குடை

நோன்பு நெருங்கிவிட்டது. ஒரு காலையில் நானாவே என்னோடு பட்டினத்துக் கரைக்கு வந்தார், குடையோடு. கூடவே அவர் மச்சான் மகன் ரியாஸ், கூலிங் கிளாஸோடு. "இன்னைக்கு அவன் பேசட்டும். நீ பாத்துக்க புள்ள" என்றார் நானா. பார்ப்பதுதான் எனக்கு வருமே. ரியாஸ் பேசினார். உண்மையாகவே நன்றாகப் பேசினார். வலையை விட்டுவிட்டு ஆட்கள் வந்தார்கள். சிரித்தார்கள், கடலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தார்கள். சார்ஜ் நின்றது. ரியாஸ் இன்னும் நன்றாகப் பேசினார். கூட்டம் இன்னும் சேர்ந்தது. "தம்பி பேச்சு ஏறுது. போன் ஏறலியே" என்றார் செல்வமணி அண்ணன். மேகம் மறைக்கிறது என்றார் ரியாஸ். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

அவர்கள் கலைந்தால் என் வேலையும் கலைந்துவிடும். பேனலுக்குப் பின்னால் போய் மணலில் உட்கார்ந்தேன். "அண்ணே, இந்தப் பக்கம் வாங்க" என்றேன். செல்வமணி அண்ணன் திரும்பினார். "பகல்ல வலையைக் காயப் போடுறப்ப இதையும் காயப் போட்டுடுங்க. பவர் பேங்க்ல ஏறி இருக்கும். ராத்திரிக்கு நிலா வேணாம்." அந்தக் கரையில் நான் அத்தனை வார்த்தை பேசியது அதுதான் முதல் தடவை. "நிலாவை இன்னும் ஞாபகம் வச்சிருக்கியா?" என்று சிரித்துக்கொண்டே அவர் சுற்றி வந்து உட்கார்ந்தார். "சரி, நம்ம கண்ணு முன்னால ஏறட்டும். ஏறுச்சுன்னா ஒண்ணு எடுத்துக்கிறேன்." அவரைப் பார்த்து மற்றவர்களும் இந்தப் பக்கம் வந்தார்கள். ரியாஸும் வந்தார்.

போன் இன்னும் மௌனமாகவே இருந்தது. பேனல்மேல் ஒரே ஒரு நிழல் மிச்சம் இருந்தது. வட்டமாக, விளிம்பில் அலை அலையாக. எல்லார் கண்ணும் அந்த வட்டத்திலிருந்து மணலில் ஓடிய கம்பி நிழலைப் பிடித்துக்கொண்டே போய், நானாவின் கையில் நின்றன.

"நீங்களும் இந்தப் பக்கம் வாங்க நானா."

"அங்க வந்தா மூஞ்சியில அடிக்கும் புள்ள. நான் இங்கனயே நிக்கிறேன்."

"மொதலாளிக்கே ஆகாத வெயிலையா எங்க தலையில கட்டுறீங்க?" என்றார் செல்வமணி அண்ணன்.

கரையே சிரித்தது. ரியாஸ்கூடச் சிரித்துவிட்டு, பிறகு வேறு பக்கம் பார்த்தார். நானா என்னைப் பார்த்தார். சொல்லு என்கிற பார்வையா, சொல்லாதே என்கிற பார்வையா, தெரியவில்லை.

"நானா," என்றேன், அடிவயிற்றிலிருந்து. "குடை."

ஓர் அலை வந்து திரும்பியது. நானா குடையை மடக்கி ரியாஸ் கையில் கொடுத்தார். "இதை எடுத்துட்டு வண்டியில போய் உக்காரு" என்றார். போன் 'டிங்' என்றது. நானா கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, பேனலைச் சுற்றி வந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டே எனக்கும் செல்வமணி அண்ணனுக்கும் நடுவில் வெயிலில் உட்கார்ந்தார்.