மாமன் அனுப்புகிற பணம்

இந்த ஜெர்மன் ஊரில் எனக்கு இன்னும் பழகாத ஒன்று, தங்கள் விவாகரத்தைப் பற்றி ஆட்கள் சாப்பாட்டு மேஜையில் பஸ் நேரம் சொல்வதுபோலச் சொல்வது. கூட வேலை பார்க்கும் மோனிகா போன வாரம் ரொட்டியைக் கடித்தபடியே சொன்னாள்: மகனுக்குத் தர வேண்டிய பணத்தை அப்பன் தருவதில்லை, யூகண்டாம்ட் என்கிற குழந்தைகள் நல அலுவலகம் மாதாமாதம் தானே கொடுத்துவிட்டு, பிறகு அவனிடம் வசூலிக்கப் போகிறதாம். என் தங்கை வாரண்ட்டை வைத்துக்கொண்டு புருஷனாக இருந்தவனைத் தேடுகிறாள் என்றேன். "ஐயோ, காணாமல் போய்விட்டாரா?" என்று பதறினாள். இல்லை, வீட்டில்தான் இருக்கிறார் என்றேன். அவளுக்குப் புரியவே இல்லை. எனக்கு மட்டும் என்ன புரிந்து கிழித்தது?

தங்கை கவிதா ஆவடி பருத்திப்பட்டில், ஒன்பது வயது மகள் யாழினியோடு வாடகைக்கு இருக்கிறாள். பிள்ளைக்கு மாதம் இவ்வளவு என்று கோர்ட் உத்தரவு போட்டிருக்கிறது. கொடுக்க வேண்டிய அப்பன் துரைக்கு ஐ.டி. வேலை, ஐயப்பன்தாங்கல் டிப்போவுக்குப் பின்னால் சொந்த ஃப்ளாட். நாலு மாதம் கொடுத்தான், நிறுத்திவிட்டான். மனு போட்டு வாரண்ட் வாங்கினால் வேலை முடிந்ததா என்ன? போன லீவில் நானும் அவளோடு ஸ்டேஷனுக்குப் போனேன். "அண்ணாத்தே, நான் ஊடு ஊடா தேடிகினு இருக்க முடியுமா? நீங்க ஆளக் காட்டுங்க, இட்டுகினு வரேன்" என்றார் ஏட்டு. என் செலவில் ஆட்டோ பிடித்துப் போனோம். கதவு சாத்தியிருந்தது. வாசலில் அவன் ஷூ. ஏசி ஓடித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை மணி அடித்துப் பார்த்த ஏட்டு, "ஆள் இல்ல போல கீதே" என்று படியிறங்கிவிட்டார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அடுத்த வாரம் துரை தானாகவே வக்கீலோடு கோர்ட்டுக்கு வந்தான். இரண்டு மாதப் பணத்தைக் கட்டினான். கூடவே தொகையைக் குறைக்கச் சொல்லி ஒரு மனு. காரணம்? நான்தான்! பிள்ளையின் மாமன் வெளிநாட்டிலிருந்து படிக்க வைக்கிறாராம். சாட்சி, கவிதா கோர்ட்டில் கொடுத்த பேங்க் ஸ்டேட்மெண்ட். இங்கே ஜெர்மனியில் பணம் அனுப்பினால் எதற்கென்று ஒரு வரி எழுதுவது வழக்கம். அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு மாதமும் 'யாழினி ஸ்கூல் ஃபீஸ்' என்று ஒழுங்காக எழுதி அனுப்பியிருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கவிதாவின் வக்கீலம்மா ஆறுதலாகத்தான் பேசினார். "மாமா குடுக்கறதால அப்பா கடமை போயிடாது சார். சம்பளத்துலேயே பிடிச்சுத் தரச் சொல்லிக் கேப்போம். பாக்கிக்கு மட்டும் ஒரு வருஷத்துக்குள்ள மனு போட்டுடணும், விட்டுடக் கூடாது. ஆனா மாசாமாசம் உங்க பணம் வந்தா அதக் காட்டியே வாய்தா வாங்குவாங்க."

வெளியே வந்ததும் கவிதா சொன்னாள்: "இனிமே அனுப்பாதண்ணா. கையிலயும் குடுக்காத. அவளுக்கு அப்பன்னு ஒருத்தன் இருக்கான்ல, அவன்கிட்டதான் வாங்குவேன்." எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது நியாயம் என்பதால் இன்னும் அதிகமாக வந்தது.

இந்த மாதம் நான் அனுப்பவில்லை. என் சம்பளத்தில் பிடிக்கிற வரியிலிருந்து மோனிகாவின் மகனுக்குப் பணம் போகிறது, அதை யாரும் ஏனென்று கேட்கவில்லை. என் தங்கச்சி மகளுக்கு மட்டும் நான் பத்துப் பைசா கொடுக்கக் கூடாது. என்ன பிழைப்புடா இது!

நேற்று யாழினி வீடியோ காலில் வந்தாள். ஸ்கூல் வேனை நிறுத்தியாச்சாம், இனி அம்மாவோடு பஸ்ஸில்தான் போக வேண்டுமாம். அம்மா சமையலறைக்குள் போகிறாளா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு போனை முகத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்:

"மாமா, உங்களுக்கும் எங்களப் பிடிக்கலயா?"