மேலே கிடந்த பழைய கோப்புறை

எங்கள் அலுவலகம் புளியந்தீவில் இருக்கிறது. கிராமத்துக் கணினி நிலையங்களுக்கு இலவச இயங்குதளம் ஒன்றைத் தமிழில் போட்டுக்கொடுக்கிறோம். அதற்கான உதவிக் குறிப்புகளை எழுதிக் கோப்புறை கோப்புறையாக அடுக்குவது என் வேலை. பல நிலையங்களில் இணையம் வரும், போகும். அதனால் குறிப்புகள் எல்லாம் கணினிக்குள்ளேயே கிடக்கும். ஏதாவது விளங்காவிட்டால் ஆட்கள் அதைத்தான் திறந்து பார்ப்பார்கள்.

புதிய பதிப்பு வந்தபோது, பழைய பதிப்பின் குறிப்புகளைத் தூக்கிவிட வேண்டும் என்றேன். பணிப்பாளர் விடவில்லை.

"கிடக்கட்டும் பிள்ள. நிதி தாற ஆக்கள் எத்தின குறிப்பு இரிக்கெண்டுதான் கேக்காங்க. அழிச்சா பாதியாக் குறைஞ்சிடும்."

"குறிப்பென்ன தேங்காயா சேர், எண்ணிக் குவிக்க?" என்று கேட்டேன். சிரித்தார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. பழையவற்றைத் தனியாக ஓர் ஓரத்தில் வைக்கிறேன் என்று சொல்லியும் பார்த்தேன். அதுவும் கூடாதாம், அறிக்கைக்குப் படம் எடுக்கும்போது எல்லாம் ஒன்றாகத் தெரிய வேண்டுமாம். பதிப்பு எண் வரிசையில் பழையது மேலே நின்றது, புதியது கீழே போனது.

பெரியகல்லாறு நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். எந்தக் குறிப்பையும் அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, கணினிக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டு, வரிவரியாக விரல் வைத்துத்தான் செய்வாள். புதிய பதிப்பைப் போட்ட அன்றும் அப்படித்தான். முதலில் கிடந்த கோப்புறையைத் திறந்தாள். யார்தான் திறக்க மாட்டார்கள்?

'முதலாவது தெரிவை அழுத்துக. உறுதியா என்று கேட்டால் ஓம் என்பதை அழுத்துக' என்றது பழைய குறிப்பு. பழைய பதிப்பில் முதலாவது தெரிவு, உள்ளே இருக்கும் கோப்புகளை அப்படியே வைத்துக்கொள்ளும். புதிய பதிப்பில் அதே இடத்தில் இருப்பது எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தொடங்கும். அழுத்தினாள். அந்த நிலையத்தில் தட்டச்சு செய்து வைத்திருந்த ஊர் மாணவி ஒருத்தியின் பல்கலைக்கழக ஆய்வுக்கட்டுரை முழுவதும் போனது. வேறு பிரதி இருக்கவில்லை. வாசிக்கத் தெரியாதவளை வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று ஊர் பேசியது.

கூட்டத்தில் பணிப்பாளர் வாய் கூசாமல் சொன்னார்: "அந்தப் பிள்ள கவனமில்லாமச் செஞ்சிட்டு. வேற ஆளப் போடுவம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து நின்றேன்.

"சேர், இதில வந்து இரிங்க. புதுப் பதிப்புப் போடுற குறிப்ப எடுங்க பாப்பம்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் மறுக்க முடியாமல் உட்கார்ந்தார். மேலே கிடந்த கோப்புறையைத் திறந்தார். "இந்தா, இதுதானே?" என்றார்.

"அது பழசு சேர். இப்ப உங்களுக்குப் பதிலா ஆரப் போடுவம்?"

அவர் முகம் கறுத்தது. என் வேலை போனாலும் போகட்டும் என்று, அவர் கண் முன்னாலேயே பழைய கோப்புறைகளை ஒவ்வொன்றாக அழித்தேன். அவர் தடுக்கவில்லை. அவளை மாற்றும் பேச்சு அத்தோடு நின்றது. ஆனால் அறிக்கையில் 'பயனர் தவறு' என்றே எழுதினார். ஒரு மன்னிப்பு கேட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும் அந்த மனிசனுக்கு?

அடுத்த நாள் பஸ் ஏறிப் பெரியகல்லாறு போனேன். எல்லாக் கணினிகளிலும் பழைய குறிப்புகளை அழித்து, புதியதை மட்டும் வைத்தேன். சுவரில் அந்தப் பழைய குறிப்புத் தாள் இன்னும் ஒட்டியிருந்தது. கிழிக்கக் கை நீட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத விடுங்கக்கா."

"பழசு தங்கச்சி. ஆராவது பாத்துத் திரும்பவும் அழிச்சிடுவாங்க."

அவள் அதைக் கழற்றி, தடித்த பேனையால் குறுக்கே பெரிய கோடு போட்டு, 'பழையது' என்று எழுதினாள். பிறகு வாசல் கதவில், உள்ளே வருகிற எவருடைய கண்ணிலும் படுகிற உயரத்தில் வைத்துப் பிடித்தாள்.

"கட்டுரை அழிஞ்ச புள்ளட அம்மா இந்தப் பக்கம் வருவா. அவ பாக்கணும். நான் வாசிச்சித்தான் செஞ்சன்."

தாளின் அடியில் எங்கள் அலுவலகச் சின்னம் பளிச்சென்று தெரிந்தது. நான் பசைநாடாவை எடுத்து, நாலு மூலையையும் அழுத்தி ஒட்டிக்கொடுத்தேன்.