டெரிக் மாமாவைத் தெரியாத கதவு

கடவுள் உலகத்தைப் படைத்தபோது டெரிக் மாமா பக்கத்தில் இருந்திருந்தால் வேலை புதன்கிழமையே முடிந்திருக்கும். டேட்டாபேஸ் விஷயத்தில் அவ்வளவு பெரிய ஆள். அவர்தான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீஸில் சர்வர் அறைக்குள் மாட்டிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ரிச்சர்ட்ஸ் டவுன் கோயிலில் ஆஞ்சலா சித்தியின் குழந்தைக்கு ஞானஸ்நானம். மாமாதான் ஞானத்தகப்பன். வீட்டு விசேஷப் போட்டோ எதிலும் அவர் முகம் கிடையாது. ஒவ்வொரு தடவையும் ஆபீஸ் பிடித்துக்கொள்ளும். "இதுக்கும் வரலேன்னா என் கொழுந்தன் கிளெமென்ட்டை நிக்க வெச்சிடுவேன்" என்று சித்தி சொல்லிவிட்டார்.

காலையில், கதவுக்கான ஆள் பட்டியலும் இருக்கிற சர்வருக்குப் புது சிஸ்டம் ஏற்றினார். வேலை முடிந்து, வெளியே போகக் கார்டைக் காட்டினார். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டுக் காட்டினார். மறுபடியும் சிவப்பு. அவசரப் பொத்தானை அமுக்கினால் கதவு திறக்கும். கூடவே கரண்ட் போய் சர்வர் எல்லாம் செத்துப்போகும்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் செக்யூரிட்டி லட்சுமம்மா, மாமாவின் புது கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு நின்றார்.

"கம்ப்யூட்டர்ல உங்க நம்பரே இல்ல ஸார்!"

"தெனம் என்னைப் பாக்கறீங்கல்ல, லட்சுமம்மா?"

"நான் பாக்கறேன் ஸார். அது பாக்கலையே!"

மாமா லேப்டாப்பில் தன் நம்பரைத் தேடினார். இல்லை என்றது. எந்த ஆள் எந்த இடத்தில் என்று வழிகாட்டும் இண்டெக்ஸை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொன்னார். இருந்தார்! நம்பருக்கு நடுவே ஒரு சின்னக் கோடு. புது சிஸ்டம் அந்தக் கோட்டை வேறு மாதிரி வரிசைப்படுத்தும். இண்டெக்ஸோ பழைய வரிசையிலேயே நிற்கிறது. ஆள் ஓரிடம், தேடுவது வேறிடம்.

இண்டெக்ஸைத் திரும்பக் கட்டச் சொன்னார். முடியாது, ஒரே நம்பரில் இரண்டு டெரிக் என்றது.

"நான்தான் ஸார்" என்றார் லட்சுமம்மா. "பாவமேன்னு உங்க பேரைப் புதுசா ஏத்துனேன். நாளைக்குக் காலைல தொறந்துக்கும்."

"நாளைக்கா!"

புது டெரிக்கை அழித்துவிட்டு மறுபடி ஓடவிட்டார். அது ஊர்ந்தது. ஏசி குளிரில் தரையில் உட்கார்ந்து கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்தார். லேப்டாப்பில் சித்தியின் மெசேஜ் வந்து விழுந்தது: கிளெமென்ட் கழுத்துல டை கட்டியாச்சு.

பச்சை விளக்கு எரிந்ததும் கோட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். ஏறின கேப் மேம்பாலத்தில் ஆமையாக நகர்ந்தது. எல்லாம் முடிந்திருக்கும் என்றுதான் கோயிலுக்குள் நுழைந்தார்.

ஒன்றுமே ஆரம்பித்திருக்கவில்லை. குழந்தையின் வெள்ளை கவுனைக் காணோம். அது இல்லாமல் முடியாது என்று சித்தி ஒரே பிடிவாதம்.

"எல்லாப் பையிலயும் பாத்தாச்சுண்ணா. எங்கயும் இல்ல!"

"இல்லேன்னு சொன்னா இன்னிக்கு நான் நம்பமாட்டேன்" என்றார் மாமா. முதல் பெஞ்சிலிருந்து ஒவ்வொருத்தராகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசி பெஞ்சில், சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் முன்னால் நின்றார்.

"ஏன்டா, உனக்கு எப்போ தொப்பை போட்டுச்சு?"