பீரோ மேல் நின்ற பாட்டில்

கும்மிடிப்பூண்டி ஃபவுண்டரியில் எங்களுக்கு மேலாளராக இருந்தவருக்கு உலைச் சூட்டில் கறுத்த முகம், டை அடித்த மீசை, தாங்க முடியாத திமிர். உருகிய இரும்பை எப்போது ஊற்றலாம் என்று நிறத்தைப் பார்த்தே சொல்வார். அதில் ஒருமுறையும் தவறியதில்லை. அதே கண்ணை நம்பி, குளிர்ச்சியில் படுக்க வைக்க வேண்டிய ஒரு பிரெஞ்சு ஒயின் பாட்டிலை, தகரக் கூரை கொதிக்கும் அறையில், பீரோ மேல் வருடக்கணக்காக நிறுத்தி வைத்திருந்தார். ஆயுதபூஜைக்கு பீரோவைத் துடைக்கும்போதெல்லாம் அதை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார்.

"இன்னும் பதம் வரல. உங்களுக்கு இன்னா தெரியும் இதெல்லாம்?"

ஓய்வு பெற்ற அன்று, "இன்னிக்குதான் பதம்" என்று திறந்தார். தக்கை பொடியாக உதிர்ந்தது. எல்லோருக்கும் டீ கப்பில் ஊற்றினார். சுத்தமான காடி. பல் கூச, "சூப்பர் சார்" என்றோம்.

கேன்டீன் அக்கா மட்டும் மோந்து பார்த்து, "இன்னா சார், ஊறுகாய்க்கு ஊத்துற வினிகர் மாதிரி கீது" என்றார்.

மேலாளர் தன் கப்பை முகம் சுளிக்காமல் குடித்து முடித்தார். எங்கள் கப்புகள் ஒரு வாய்க்கு மேல் குறையாமல் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இரும்பு ஒரு நாளும் எங்கிட்ட சூப்பர் சார்னு சொன்னதில்ல" என்றார்.

அத்தனை வருடத்தில் அந்த ஆளை எனக்குப் பிடித்தது அந்த ஒரு நிமிடம்தான்.